அது சொறி இல்லையாம்

முதலியார்பேட்டை,
18-2-1956

பாரிசில் இருக்கும் என் மகன் ராஜாங்கத்துக்கு, முகம் பார்க்க வழியில்லாமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு அம்மா தனக்கொடி எழுதுவது.

இங்கே உன் அக்கா அஞ்சலாட்சியும் அவள் பிள்ளைகளும் நானும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இல்லை என்று உன் கடிதத்தில் தெரிந்ததும் கொதிக்கிற சோற்றை இறக்காமல் உட்கார்ந்துவிட்டேன். அடிப்பிடித்து, பிள்ளைகள் "ஆயா, சோறு தீயுது" என்று கத்திய பிறகுதான் எழுந்தேன்.

நீ எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், கேள். "இந்த வருஷம் முழுவதும் எனக்குச் சொறியோடுதான் பாடு. காலையிலிருந்து இருட்டும் வரை அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன். முசியே பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, சொறிதான், சந்தேகமே வேண்டாம் என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை." மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனாலும் இதைப் படிக்கத் தெரியாதா?

கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஏனடா விட்டாய்? அந்த ஊரில் தினம் குளிக்க மாட்டார்களாமே. கம்பளியை வருஷக்கணக்கில் துவைக்காமல் போர்த்தினால் சொறி வராமல் சந்தனமா மணக்கும்? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது விரலிடுக்கில் வந்தது. வேப்பெண்ணெயில் குப்பைமேனி இலையை அரைத்துப் போட்டேன், ஒரு வாரத்தில் உதிர்ந்தது. நம் தெருவிலிருந்து ஒரு சொல்தா, பிரான்சுப் பட்டாளத்தில் இருக்கிறவர், இந்தக் கப்பலில் போகிறார். அவரிடம் ஒரு சீசா வேப்பெண்ணெயும் குப்பைமேனிப் பொடியும் கொடுத்திருக்கிறேன். ராத்திரி தடவிக்கொண்டு படு. குப்பைமேனி பக்கத்து வீட்டுத் தையல்நாயகி கொல்லையில் பறித்தது. எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உன் மாமன் கன்னியப்பன் பொங்கலுக்கு வந்திருந்தான். "மருமவன் எப்பக்கா வரான்?" என்று கேட்டான். அவன் மகள் கமலவேணியைத் தொட்டிலில் போட்ட அன்றே அவள் உனக்கென்று வெற்றிலை மாற்றியிருக்கிறோம். உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வந்து சேர்.

உன் அம்மா,
தனக்கொடி

---

பாரிஸ்,
21-4-1956

அன்புள்ள அம்மாவுக்கு,

எண்ணெய் கிடைத்தது. வழியில் சீசா கசிந்து அந்தச் சொல்தாவின் சட்டையெல்லாம் நாறிப்போய், மனிதர் என்னைத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்.

என் உடம்பில் ஒன்றும் இல்லை அம்மா. நான் எழுதிய சொறி வேறு. குருசுக்குப்பத்துத் தேவதாஸ் என்னோடு படித்தான் அல்லவா? அவன் வீட்டில் மீன் பிடிக்கிறவர்கள். கடலில் குடை விரித்தது போல, கஞ்சித் தெளிவு போல ஒன்று மிதக்கும். எலும்பு கிடையாது. மேலே பட்டால் அரிக்கும். அதை அவர்கள் சொறி என்பார்கள். எனக்கு வேறு தமிழ்ப் பெயர் தெரியாததால் அதையே எழுதிவிட்டேன்.

இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பாலைவனத்திலிருந்து கற்கள் வந்திருக்கின்றன. அந்தப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. எலும்பும் ஓடும் உள்ள பிராணிகள் உலகத்தில் உண்டாவதற்கு முன்னால், வெறும் சதையாக இருந்த ஏதோ ஒன்று மணலில் பதிந்து, அந்தப் பதிவு அப்படியே கல்லாகிவிட்டது. பிராணி போய்விட்டது, அச்சு மட்டும் இருக்கிறது. தட்டு அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். இது எந்தப் பிராணி என்பதுதான் கேள்வி. எனக்கு மேலே இருக்கும் பேராசிரியரைத்தான் முசியே என்று எழுதுகிறேன். அவர் சொறிதான் என்று புத்தகமே போட்டுவிட்டார்.

எனக்குச் சந்தேகம். நம் கடற்கரையில் சொறி ஒதுங்கிக் கிடந்து பார்த்திருக்கிறேன். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க, ஒன்று மடங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இந்தக் கல்லிலோ எல்லாம் ஒரே முகமாக, மடங்காமல், இடம் விட்டு இடம் விட்டு இருக்கின்றன. ஒதுங்கியவை இப்படிக் கிடக்குமா? இதைச் சொன்னால் முசியே, "உன் ஊர்க் கடற்கரையை இங்கே தூக்கிக்கொண்டு வராதே" என்கிறார். எரிச்சலாக வருகிறது. மத்லேன் என்று ஒருத்தி இந்தக் கற்களைப் படமாக வரைகிறாள். அவள் ஒருத்திதான் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறாள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் மகன்,
ராஜாங்கம்

---

முதலியார்பேட்டை,
30-6-1956

மகன் ராஜாங்கத்துக்கு, வயிறு எரிந்துகொண்டு அம்மா எழுதுவது.

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் கெட்டுப்போய்விட்டது. தையல்நாயகி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள் என்று நம்பினேன். தெருக்குழாயில் சொன்னாள், மில் வாசலில் சொன்னாள், சந்தையிலும் சொன்னாள். முதலியார்பேட்டையில் சொறியாகக் கிளம்பியது உன் மாமன் இருக்கிற கருவடிக்குப்பம் போய்ச் சேரும்போது குஷ்டமாகிவிட்டது.

உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு உன் மாமன் வீட்டுக்கு ஓடினேன். படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கிறான்.

"கல்லுக்குச் சொறியாம்! யாரு காதுல பூ சுத்துறக்கா?"

"டேய், அது கடல்ல மெதக்கிறதுடா. கஞ்சித் தெளிவாட்டம் இருக்குமாம்."

"கடல்ல மெதக்கிறது பாலைவனத்துக்கு எப்பிடிப் போச்சு? பஸ் ஏறிப் போச்சா?"

அந்தப் பாலைவனம் ஒரு காலத்தில் கடல் என்று நீ எழுதிய வரியை நான் காகிதத்தில் தேடுவதற்குள் அவன் அடுத்ததைக் கேட்டுவிட்டான்.

"அந்தப் பெரிய மனுசன் கண்ணாடி வச்சிப் பாத்து, சொறின்னு சொன்னாரா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"சொன்னாரு. ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. படிச்சவரு சொல்லிட்டாரு."

இவன் யார் தெரியுமா? உன் அக்கா கல்யாணத்தில் சந்தனத்தைத் தனக்கு முன்னால் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பந்தியில் உட்காராமல் எழுந்து போனவன். நான் தெருவரை ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன், உதறினான். வளையல் உடைந்தது, பச்சை வளையல். அவன் மறந்திருப்பான்.

கடைசியில் ஒன்று சொன்னான். "எங்கிட்ட நீ வந்து படிக்காதக்கா. அவன் எம் பேருக்கு ஒரு வரி எழுதட்டும். இன்ன மாசம் வரேன், ஒம் பொண்ணக் கட்டிக்கிறேன்னு. அப்பறம் சொறியாவது செரங்காவது, நான் பாத்துக்கிறேன்." அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நியாயம். ராசா, ஒரு வரி. அடுத்த தபாலிலேயே எழுதிப்போடு. கமலவேணி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உன் அம்மா

---

முதலியார்பேட்டை,
9-3-1958

ராஜாங்கத்துக்கு அம்மா எழுதுவது.

நான் கேட்டது ஒரு வரி. நீ எழுதுவது பக்கம் பக்கமாக.

போன ஆடியில் கேட்டேன். "கல்லின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வட்டத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது, முசியே அதைச் சொறியின் வாய் என்கிறார்" என்று எழுதினாய். ஐப்பசியில் கேட்டேன். "முசியே என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், மத்லேன் மட்டும் இன்னொரு முறை எழுதச் சொல்கிறாள்" என்று எழுதினாய். தையில் கேட்டேன். "மத்லேன் ஒரு கல்லில் மங்கலாக ஒரு கோடு பார்த்தாள்" என்று எழுதினாய். உன் மாமனுக்கு எழுதினாயா? இல்லை. அவன் பெயரையாவது எழுதினாயா? அதுவும் இல்லை. நீ விட்டதையும் சேர்த்துத்தான் நான் படிக்கிறேன்.

அந்த முசியேவை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்பேன், "எம் புள்ளைக்குக் கண்ணு இல்லியா, நீ மட்டுந்தான் கண்ணோட பொறந்தியா?" என்று. உன் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அவர்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட உன்மேல் இருக்கிற கோபம் பெரிது. அவர் சொல்வது தப்பு என்று நிரூபிக்க வருஷக்கணக்கில் கல்லைத் தடவுகிறாய். உன் மாமன் சொல்வது தப்பு என்று காட்ட ஒரு கார்டு போதும்.

இங்கே ஊர் மாறிவிட்டது. பிரான்சுக்காரர்கள் போனாலும் போனார்கள், மில் சங்கு மட்டும் அதே நேரத்துக்கு ஊதுகிறது. கமலவேணிக்கு வேறு இடத்தில் கேட்கிறார்கள். பெண் வேண்டாம் என்று தலையாட்டுகிறாளாம். யாருக்காக ஆட்டுகிறாள் என்று நீயே யோசி.

அம்மா

---

பாரிஸ்,
14-9-1959

அன்புள்ள அம்மாவுக்கு,

இத்தனை வருஷத்துக்கு ஒரு நல்ல செய்தி.

அது சொறி இல்லை அம்மா. முசியேவும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

புதிதாக வந்த பெட்டியில் ஒரு கல். வெயில் சாய்ந்து சன்னல் வழியாக அதன்மேல் விழுந்தபோது மத்லேன் கூப்பிட்டாள். வழக்கமான வட்டம்தான். ஆனால் அதன் நடுக் குமிழிலிருந்து ஒரு தண்டு, அந்தத் தண்டின் மேல் முழ நீளத்துக்கு இறகு போல ஒன்று. வட்டமும் இறகும் ஒரே பிராணி! இங்கிலாந்திலும் இதே போல ஒன்று கிடைத்திருக்கிறதாம். வட்டத்தைத் தனியாக ஒரு பிராணி என்று நினைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து, இத்தனை காலம் அதோடு மாரடித்திருக்கிறோம். அது அந்தப் பிராணியின் கால், அவ்வளவுதான். மணலுக்குள் புதைத்து ஊன்றிக்கொள்கிற கால். பிராணி அதற்கு மேலே தண்ணீரில் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நீரோட்டம் மேலே இருந்ததை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கால் மட்டும் கல்லாயிற்று. அதனால்தான் எல்லாம் ஒரே முகமாக, இடம் விட்டு நின்றன. ஒதுங்கியவை இல்லை, ஊன்றியவை.

முசியே தன் கண்ணாடியை எடுத்து அந்தத் தண்டை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு, "உன் கடற்கரைக்கு என் வணக்கம்" என்றார். ஆனால் அச்சாகப்போகும் கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் வரும். பரவாயில்லை என்று மத்லேன் சொல்கிறாள். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

உங்கள் மகன்,
ராஜாங்கம்

---

முதலியார்பேட்டை,
2-11-1959

ராஜாங்கத்துக்கு அம்மா எழுதுவது. இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படி.

உன் கடிதம் வந்ததும் அந்த வரி மேலே தெரியும்படி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் கருவடிக்குப்பம் வரை நடந்தேன். உன் மாமன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "ஒம் பொண்ணக் கூப்புடுடா. இன்னிக்கு நான் படிக்க மாட்டேன், அவ வாயாலயே படிக்கட்டும்" என்றேன்.

கமலவேணி வந்து படித்தாள். "அது சொறி இல்லை அம்மா. முசியேவும் ஒப்புக்கொண்டுவிட்டார்."

நான் முந்தானையை உதறி எழுந்து நின்றேன். "கேட்டியாடா? படிச்சவரு, படிச்சவருன்னியே. அந்தப் படிச்சவரே சொல்லிட்டாரு. எம் புள்ளைக்குச் சொறி இல்ல. பாரிசே ஒத்துக்கிச்சு!"

உன் மாமன் வாளியைக் கீழே வைத்தான். துண்டில் கையைத் துடைத்தான். "இல்லன்னா நல்லதுதான்க்கா. எனக்கு மட்டும் ஆச இல்லியா? ஒக்காரு. மோர் குடி" என்றான். அந்தப் பச்சை வளையல் உடைந்த நாளிலிருந்து அவன் கையால் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அன்று குடித்தேன்.

இந்தப் பெண் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. மடிப்பைப் பிரித்து, திருப்பி, கடைசிவரை தனக்குள் படித்தாள்.

"அத்தே, இது கல்லப் பத்தி எழுதியிருக்காரு."

"தெரியும்டி. கல்லுக்கே இல்லன்னா அவனுக்கு எப்பிடி இருக்கும்?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள். "சொறி இருந்திருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல அத்தே. வேப்பெண்ண தடவினா ஆறிப்பூடும். எம் பேரு இதுல எங்க இருக்குது, காட்டுங்க."

நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"மத்லேன் யாரு அத்தே?"

"படம் வரையறவ."

"மொதல் கடுதாசியிலயும் இருந்தாளே."

"இருந்தா."

"நடுவுல வந்ததுல?"

மோர் சொம்பைக் கீழே வைத்தேன். அவள்தான் சொன்னாள். "ஒரு வரி கேட்டு மூணு வருசம் ஆவுது. எழுதத் தெரியாதவரா அவரு? எழுதாம வுட்டதுதான் பதிலு. எங்கப்பா கிட்ட இன்னிக்குச் சொல்ல வேணாம், அத்தே. பாவம், இப்பத்தான் சிரிச்சாரு."

திரும்பி வரும்போது பஸ் ஏறினேன். யார் எப்போது எந்த வார்த்தை சொன்னார்கள் என்று கேட்டால் ஊருக்கே நான் சொல்லுவேன். உன் கடிதம் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. சொறி என்ற வட்டத்தையே நானும் தடவிக்கொண்டிருந்தேன்.

நீ வேண்டாம் என்று எழுதியிருந்தால் நான் இரண்டு நாள் அழுதிருப்பேன், நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அந்தப் பெண் அவள் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர் சொறி என்று சொல்லட்டும், அம்மா அலையட்டும், நமக்கு வசதி என்று இருந்துவிட்டாய்.

மத்லேன் உனக்கு யார்? இதற்கு மட்டும் பதில் எழுது. கல்லைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதாதே.

தனக்கொடி

---

பாரிஸ்,
3-9-1962

அன்புள்ள அம்மாவுக்கு,

கல்லைப் பற்றி எழுதாதே என்றீர்கள். வேறு எதை எடுத்தாலும் முதல் வரிக்கு மேலே போகவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். அதற்குள் இத்தனை காலம் ஓடிவிட்டது. நீங்களும் எழுதவில்லை.

இத்துடன் ஒரு புகைப்படம். மத்லேன் மடியில் இருப்பவளுக்கு இரண்டு வயதாகிறது. கொடி என்று கூப்பிடுகிறோம்.

அக்காவுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
ராஜாங்கம்

---

முதலியார்பேட்டை,
12-11-1962

மகன் ராஜாங்கத்துக்கு அம்மா தனக்கொடி எழுதுவது.

படம் வந்தது. அக்கா பிள்ளைகள் மாறி மாறிப் பிடுங்கிப் பார்த்தார்கள். "ஆயா, பாப்பாவுக்கு ஒன் மூக்கு" என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிறகு தனியாக வைத்துப் பார்த்தேன், தெரிந்தது.

என் பெயரில் பாதியை எடுத்துப் பிள்ளைக்கு வைத்துவிட்டால் எனக்கு ஆறிவிடும் என்று நினைக்காதே. ஆறவில்லை. நீ மூன்று வருஷம் ஊமையாக இருந்ததையும், பிறகு இன்னொரு மூன்று வருஷம் இருந்ததையும் தனித்தனியாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

கமலவேணிக்கு இந்தக் கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளை வில்லியனூரில் வாத்தியார். பெண் கேட்க வந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "ஊருக்குப் போனா கடுதாசி போடுவீங்களா?" வாத்தியார் பயந்துபோய், தினம் போடுவேன் என்றிருக்கிறார். உன் மாமன் என்னை அழைக்க அவனே வந்தான். கையில் பச்சை வளையல். "அக்கா, நான் மறக்கல" என்றான். இவ்வளவு காலம் இதை வைத்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இனி எதை வைத்துத் திட்டுவது என்று தெரியவில்லை.

இன்னொன்று. ஆகஸ்டிலிருந்து ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. இங்கே இருக்கிற எங்களைப் போன்றவர்கள் ஒன்றும் எழுதாவிட்டால் இந்தியர்கள். அயல்நாட்டில் இருக்கிற உன்னைப் போன்றவர்கள் ஒன்றும் எழுதாவிட்டால் பிரான்சுக்காரர்கள். இந்தியன் ஆக வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் நீ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்தச் சொல்தா வந்து விளக்கிச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஒங்க புள்ளைக்கு எழுதிப் போடுங்கம்மா, ஒரு வரி எழுதினா போதும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

நீ எழுத மாட்டாய். உன் கை எனக்குத் தெரியும். நானும் எழுது என்று கேட்கவில்லை. இனிமேல் உன்னிடம் ஒரு வரியும் கேட்க மாட்டேன். ஆனால் நீ எழுதிய கல்லை நானும் மறக்கவில்லை. நீ அங்கே எந்தத் தண்ணீரில் வேண்டுமானாலும் ஆடு. கால் இங்கே இருக்கிறது. அதற்கு எந்த முசியே வந்தாலும் வேறு பேர் சொல்ல முடியாது.

குளிரில் குழந்தைக்குத் தோல் வெடிக்கும். வேப்பெண்ணெய் வேண்டாம், அவள் அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். தேங்காயெண்ணெய் காய்ச்சிக் கொடுத்து அனுப்புகிறேன். இந்தமுறை தகர டப்பாவில்.

கல்யாணத்தில் எல்லாரும் கேட்பார்கள். தையல்நாயகி முதல் ஆளாகக் கேட்பாள். மாமன் மகள் கல்யாணத்துக்கு எங்கே உன் மகன் என்று. அவனுக்கு இஷ்டமில்லை, வரவில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? யோசித்து வைத்திருக்கிறேன். உனக்கு அந்தச் சொறி இன்னும் ஆறவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
தனக்கொடி